நானூறு தூண்களை இடிக்க ஒரு யோசனை

திருவண்ணாமலை அருணாசலேஸ்வரர் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் நானூறு தூண்களை உடனே இடித்துவிடலாம். கணக்கு என்னுடையதல்ல. பல்கலைக்கழக மானியக் குழுவுடையது. 2021 மே மாதம் அது வெளியிட்ட கலப்புமுறைக் கற்றல் குறிப்பு, எந்தப் பாடத்திலும் 40 சதவீதத்தை இணையவழியில் நடத்திக்கொள்ளலாம், மிச்சம் 60 நேரில் நடந்தால் போதும் என்றது. படிப்புக்குப் பொருந்துவது பக்திக்கு மட்டும் பொருந்தாதா? கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். இனி 8.4 கிலோமீட்டர் நடந்தால் போதும். அந்த இடத்தில் ஒரு கியூஆர் பலகை வைத்துவிடுவோம். ஸ்கேன் செய்தால் மிச்சமிருக்கும் லிங்கங்கள் வரிசையாக வீடியோவில் வந்து தரிசனம் தரும். குபேர லிங்கத்துக்கு மட்டும் ஜிபே வசதி உண்டு. முடிவில் ஐந்து கேள்விகள். மூன்றுக்குச் சரியாகப் பதில் சொன்னால் முக்திச் சான்றிதழ் பதிவிறக்கம் ஆகும். 217 அடி ராஜகோபுரம் எதற்கு? அதே உயரத்துக்கு ஒரு செல்போன் டவர் வைத்தால் ஊருக்கே புண்ணியம்.

கோபம் வருகிறதல்லவா? வரட்டும். இதே கணக்கை உங்கள் மகள் படிக்கும் கல்லூரிக்குப் போட்டார்களே, அப்போது ஏன் உங்களுக்கு வரவில்லை?

2020 கார்த்திகை தீபத்தை நினைத்துப் பாருங்கள். வெளியூர்க்காரர்களை ஊருக்குள் விடவில்லை. தீபம் டிவியிலும் யூடியூபிலும் எரிந்தது. 2,668 அடி மலையுச்சியில் உள்ள கொப்பரையை, அடிவாரத்தில் நிற்பவரைவிட ஆம்பூரில் சோபாவில் சாய்ந்திருந்தவர் கிட்டத்தில் பார்த்தார். பௌர்ணமி கிரிவலத்துக்கும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தடை. இணையவழித் தரிசனம் அவ்வளவு தெளிவாக ஓடியும், அறநிலையத் துறையில் ஒருவர்கூட "நேரலைக்கு நல்ல வரவேற்பு, ஆகவே மூன்றாம் பிராகாரம் வீண் இடம்" என்று கோப்பு எழுதவில்லை. தடை நீங்கியதும் ஜனம் திரண்டு வந்தது. 2022 தீபத்துக்கு ஊர் தாங்கவில்லை. கோயில் பக்கம் கட்டடத்தைக் குறைக்கும் பேச்சே எழுந்ததில்லை, கூட்டுகிற பேச்சுதான். 2023இல் ராஜகோபுரத்துக்கு எதிரிலேயே வணிக வளாகம் கட்டப் புறப்பட்டு, எதிர்ப்பு கிளம்பி, விவகாரம் உயர்நீதிமன்றம்வரை போனது. சாமியின் நிழலில் கடை கட்டத் துடிக்கிறவர்கள், படிக்கிற பிள்ளை உட்கார பெஞ்சு கேட்டால் லிங்க் அனுப்புகிறார்கள்.

திருவண்ணாமலை மாவட்டத்தின் கல்லூரிப் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள்? செங்கம், தண்டராம்பட்டு, கலசபாக்கம், போளூர், ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர். முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறவர்கள், அவர்களில் பலர் குடும்பத்திலேயே முதலில் கல்லூரிப் படி ஏறியவர்கள். அவர்களுக்குத் திருவண்ணாமலையில் 1966இல் தொடங்கிய அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது. செய்யாறில் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் சேர வந்த கூட்டத்துக்கு இடம் போதவில்லை என்றபோது அரசு என்ன செய்தது தெரியுமா? கட்டடத்தைக் கட்டவில்லை, நாளை இரண்டாக வெட்டியது. 2006-07 கல்வியாண்டில் ஷிப்ட் முறை வந்தது. காலையில் ஒரு கூட்டம், மதியத்துக்கு மேல் இன்னொரு கூட்டம், பெஞ்சு மட்டும் ஒன்று. கலப்புமுறைக் கல்வி என்று உலகம் 2020இல் கண்டுபிடித்ததை நாம் பதினான்கு வருடம் முன்பே கண்டுபிடித்துவிட்டோம். பாதி நாள் கல்லூரி, பாதி நாள் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத பாதிக்குத்தான் இப்போது இணையவழி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கட்டடமே கட்டுவதில்லை என்று பொய் சொல்லமாட்டேன். கட்டுகிறார்கள். நீள வராந்தா, வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு மேடை, மேடைக்கு எதிரே நகராத பெஞ்சுகள். காமராசர் காலத்துப் பொறியாளர் எழுந்து வந்தாலும் வழி தெரியாமல் தடுமாறமாட்டார். இணையவழிக் கல்வி இந்த வரைபடத்தில் உண்டாக்கிய ஒரே மாற்றம், கூரையிலிருந்து தொங்கும் புரொஜெக்டர். ஸ்மார்ட் வகுப்பறை என்று வாசலில் பலகை. அறைக்கு ஒரு பிளக் பாயின்ட், அதுவும் பேராசிரியரின் மேடையில். அறுபது பேர் அறுபது மடிக்கணினியைக் கொண்டுவந்தால் எங்கே செருகுவார்கள் என்று வரைந்தவரும் கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டவரும் கேட்கவில்லை. 2025-26 தமிழ்நாட்டு பட்ஜெட்டில் இருபது லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள். மகிழ்ச்சி. சார்ஜ் போட வீட்டுக்குத்தான் போகவேண்டும்.

தேர்தல் வந்தால் மட்டும் கல்லூரிக் கட்டடத்துக்கு மவுசு வந்துவிடும். வாக்குப்பதிவு இயந்திரங்களை வைக்கப் பூட்டுள்ள அறை, எண்ணுவதற்கு வெளிச்சமுள்ள கூடம், அதிகாரிகளுக்குத் தண்ணீர், தடையில்லாத மின்சாரம், சுத்தமான கழிப்பறை எல்லாம் இரண்டே வாரத்தில் முளைக்கும். எண்ணி முடித்த மறுநாள் எல்லாம் மறையும். படிக்க இணையம் போதுமென்றால் வாக்கு எண்ணவும் போதுமே. அதற்கு மட்டும் நான்கு சுவரும் கூரையும் ஏன்?

ஊரடங்குக் காலத்தை ஒரு பரிசோதனை என்று எடுத்துக்கொண்டால் அதன் முடிவு முன்பே தெரிந்த ஒன்றுதான். 2017-18இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தவை 4.4 சதவீதம், இணைய வசதி இருந்தவை 14.9 சதவீதம். இந்த எண்கள் தில்லியில் அச்சிட்டு வைத்திருந்தவைதான். படித்துப் பார்க்க அவர்களுக்கும் சிக்னல் கிடைக்கவில்லை போலிருக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று 1977இல் உலகுக்குச் சொன்ன கண்களில் காவலூரும் ஒன்று. அதே மலைத்தொடரின் பிள்ளைகள் 2020இல் செல்போன் திரையில் ஒரு வளையத்தைப் பார்த்தார்கள். அது சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. சூரியக் குடும்பத்தின் ஏழாவது கோள் எட்டிய மலைக்கு வகுப்பு எட்டவில்லை.

பிறகு அரசுக்கு இரக்கம் பிறந்தது. 2021 ஜனவரியில், ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல்வரை நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசம் என்று அறிவிப்பு. சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு ஏப்ரல் 6. அறிவுத் தாகம் எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் தணியும் என்று அறிந்த அரசு வாய்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். தேர்வுகள் இன்னும் வேடிக்கை. 2022 தொடக்கத்தில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்திய இணையவழித் தேர்வில் வினாத்தாள் நொடியில் வந்தது. விடையை வெள்ளைத்தாளில் பேனாவால் எழுதி, ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டு, அசலை ஸ்பீடு போஸ்ட்டிலோ கூரியரிலோ அனுப்ப வேண்டும். இணையப் பல்கலைக்கழகத்தைத் தோளில் சுமந்தது தபால்காரரின் பை. அந்தப் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து எழுதினார்கள்? திண்ணையில், மாட்டுக்கொட்டகை ஓரத்தில், டவர் கிடைக்கும் மேட்டில். கல்லூரியின் பெஞ்சில் அல்ல.

கட்டடம் ஒழிந்தது என்று ஆரூடம் சொன்னவர்கள் வெளிநாட்டிலும் உண்டு. மேலாண்மை மேதை பீட்டர் டிரக்கர் 1997இல் ஃபோர்ப்ஸ் இதழுக்குச் சொன்னார், இன்னும் முப்பது ஆண்டில் பெரிய பல்கலைக்கழக வளாகங்கள் வெறும் சின்னங்களாகிவிடும் என்று. கெடு 2027. ஸ்டான்ஃபோர்டில் 2011இல் ஒரே இணைய வகுப்பில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்த்த செபாஸ்டியன் துருன், ஐம்பது ஆண்டில் உலகத்துக்கே பத்து உயர்கல்வி நிறுவனங்கள்தான் மிஞ்சும் என்றார். ஸ்டான்ஃபோர்டு இதைக் கேட்டுக் கொத்தனார்களை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை, கட்டிக்கொண்டே இருக்கிறது. ஆரூடம் ஏற்றுமதிக்கு, வளாகம் உள்ளூருக்கு.

இணையத்தை உண்மையாகவே நம்பியவர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். விரிவுரை வீடியோவில் போய்விட்டால், நேரில் வருகிறவன் எதற்கு வருகிறான்? கேட்க, வாதாட, சேர்ந்து செய்ய. அப்படியானால் இருநூறு பேர் கூடம் வேண்டாம், இருபது பேர் அறை நிறைய வேண்டும். சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2015இல் திறந்த 'ஹைவ்' கட்டடத்தில் மூலையே இல்லாத 56 சிறு வகுப்பறைகள். மேடை கிடையாது. வட்டமாக உட்காரலாம், பின்வரிசை என்று ஒன்று இல்லை. சுவிட்சர்லாந்தின் லோசானில் 2010இல் திறந்த ரோலக்ஸ் கற்றல் மையத்தை ஜப்பானின் சானா நிறுவனம் வடிவமைத்தது. நூலகமும் காபிக் கடையும் படிக்கும் இடமும் சுவரின்றி ஒரே பெருங்கூடமாக, மேடும் பள்ளமுமாக ஓடும். அங்கே இணையம் சுவரைக் குறைத்தது, இடத்தைக் குறைக்கவில்லை. இங்கே இடத்தைக் குறைத்தது. சுவர் அப்படியே இருக்கிறது, வெற்றிலை எச்சில் கறையோடு.

இடத்தைக் குறைப்பதில் நம் மேதைமை 2025 அக்டோபரில் உச்சத்தைத் தொட்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் தனியார் பல்கலைக்கழகம் தொடங்க 100 ஏக்கர் தொடர்ச்சியான நிலம் வேண்டும். அதைத் திருத்தி, மாநகராட்சி எல்லைக்குள் 25 ஏக்கர் போதும், நகராட்சி, பேரூராட்சியில் 35, மற்ற இடங்களில் 50 என்று சட்டமன்றத்தில் மசோதா நிறைவேற்றினார்கள். கல்வியாளர்களும் கூட்டணிக் கட்சியினரும் கத்திய பிறகு மறு ஆய்வு என்று பின்வாங்கினார்கள். திருவண்ணாமலை 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. அருணாசலேஸ்வரர் கோயில் வளாகமும் ஏறக்குறைய 25 ஏக்கர்தான். அண்ணாமலையார் ஓர் அறக்கட்டளையைப் பதிவுசெய்து விண்ணப்பித்திருந்தால் நிலத்தகுதியில் முதல் முயற்சியிலேயே பாஸ். அடிமுடி காணமுடியாதவர் என்பது கூடுதல் தகுதி. நம் தனியார் நிறுவனங்கள் சிலவற்றின் கட்டணத்துக்கும் அடியும் முடியும் தெரிவதில்லை.

அடிமுடிக் கதையில் தாழம்பூவை மறக்கக்கூடாது. முடியைப் பார்த்தேன் என்று பிரம்மா பொய் சொல்ல, ஆமாம் என்று சாட்சி சொன்ன பூ. அதற்குத் தண்டனை சிவபூஜையிலிருந்து நிரந்தர விலக்கு. நம் ஊரில் கட்டடத்தையும் ஆசிரியரையும் பார்த்துத் தரத்துக்குச் சாட்சி சொல்ல நாக் என்ற தேசிய அமைப்பின் குழு வரும். 2025 பிப்ரவரியில் ஆந்திரத்தின் ஒரு பல்கலைக்கழகத்துக்கு உயர்ந்த தரக்குறியீடு தர லஞ்சம் வாங்கியதாக அந்த ஆய்வுக் குழுவினரையே சிபிஐ கைது செய்தது. இங்கே தமிழ்நாட்டில் 2024இல் ஊழலை எதிர்க்கும் அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டுவந்த பொறியியல் கல்லூரி மோசடியில், ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் வேலை பார்ப்பதாகக் கணக்கு. ஒருவர் முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில். உடம்பே தேவைப்படாத கல்வி என்றால் இதுதான். இணையவழி என்று பெயர் சொல்லாமலே நடந்துகொண்டிருந்தது. அந்தக் கல்லூரிகளின் முகப்பைப் பாருங்கள். நீலக் கண்ணாடி, கிரேக்கத் தூண், நீரூற்று. ஆள் இல்லாத கட்டடம் அவர்களுக்கு, கட்டடம் இல்லாத ஆட்கள் நமக்கு.

ஆட்கள் என்றதும் கௌரவ விரிவுரையாளர்கள் நினைவுக்கு வருகிறார்கள். பெயரில் மட்டும் கௌரவம். பல்கலைக்கழக மானியக் குழு வகுப்புக்கு 1,500 ரூபாய் வீதம் மாதம் 50,000வரை தரலாம் என்று 2019இல் சொன்னது. 40 சதவீதத்தை இணையத்தில் நடத்து என்ற குழுவின் சொல் வேதவாக்கு, 50,000 கொடு என்ற அதே குழுவின் சொல் காற்றோடு போச்சு. ஆண்டுக்குப் பதினொரு மாதச் சம்பளத்தில், பாதித் தொகையில், அவர்கள்தான் கல்லூரிகளைத் தாங்கி நிற்கிறார்கள். ஆயிரங்கால் மண்டபத்துத் தூணுக்காவது விசேஷ நாளில் விளக்கு வைப்பார்கள்.

அந்த மண்டபத்தில் 1896 செப்டம்பரில் ஒரு பதினாறு வயதுப் பையன் வந்து உட்கார்ந்தான். மதுரையில் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவன். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு ரயிலேறியவன். யாரும் அவனிடம் அடையாள அட்டை கேட்கவில்லை, ஆதார் கேட்கவில்லை, உன் ஷிப்ட் முடிந்தது கிளம்பு என்று விசிலடிக்கவில்லை. விளையாட்டுப் பிள்ளைகள் கல்லெறிந்தபோது ஒதுங்க அதே மண்டபத்தின் அடியில் பாதாள லிங்கம் இருந்தது. அவன் ரமணர் ஆன பிறகு, பேச்சைக் குறைத்து மௌனத்தால் போதித்தார் என்கிறார்கள். மௌனத்தில் போதித்தவரைப் பார்க்கவும் ஜனம் ஆசிரமத்து ஹாலில் கூடி உட்கார்ந்தது. வாய் திறக்காத குருவுக்கே ஒரு கூரை தேவைப்பட்டது, மியூட்டில் கிடக்கும் நம் வகுப்புக்குத் தேவையில்லையாம்!

கோயில் கட்டிய ஸ்தபதிகளுக்குத் தெரிந்திருந்தது. லட்சம் பேர் வருவதற்கும் ஒருவன் தனியே ஒதுங்குவதற்கும் ஒரே வளாகத்தில் இடம் வேண்டும் என்று. நாலுகால் மண்டபமும் உண்டு, ஆயிரங்காலும் உண்டு. சுற்றி நடக்கப் பிராகாரம், இறங்கி உட்காரக் குளத்துப் படி, வெயிலுக்கு நிழல், மழைக்கு ஒதுக்கம். இன்றைய அரசுக் கல்லூரியின் வரைபடத்தில் வகுப்பறைக்கு வெளியே மாணவன் உட்கார்ந்தால் அது ஒழுங்கீனம். வராந்தாவில் நின்றால் விரட்டுவார்கள், மரத்தடியில் இருந்தால் விசாரிப்பார்கள், பெண்பிள்ளையானால் வீட்டுக்கு போன் போகும்.

ஆளுக்கு ஒரு தனியறை உள்ள வீட்டில் பிறந்தவனுக்கு இணையவழிக் கல்வி ஒரு வசதி. ஒற்றை அறை வீட்டில், அப்பாவின் இருமலும் தம்பியின் அழுகையும் டிவி சீரியலும் ஒன்றாகக் கேட்கும் இடத்தில் இருக்கும் பெண்ணுக்குக் கல்லூரிதான் அந்தத் தனியறை. அவளுடைய மேசை, விளக்கு, மின்விசிறி, கதவுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, அடுப்படியிலிருந்து கூப்பிடாத மூன்று மணி நேரம் எல்லாம் அங்கேதான். இணையவழிக் கல்வி வந்த பிறகு அவளுக்குக் கட்டடம் குறைவாக அல்ல, அதிகமாக வேண்டும். ஹெட்போனோடு உட்கார அமைதியான அறை, கடைசி பஸ்வரை திறந்திருக்கும் நூலகம், மேசைக்கு மேசை பிளக், மலையிலிருந்து வருகிறவளுக்கு விடுதி. இவற்றில் எதற்கும் சிங்கப்பூர்க் கட்டடக் கலைஞர் வேண்டாம். நம் பொதுப்பணித் துறையின் உதவிப் பொறியாளர் ஒரு மதியத்தில் வரைந்துவிடுவார். 2021இல் பொதுப்பணித் துறைக்கு அமைச்சரானவர் இதே திருவண்ணாமலைத் தொகுதியில் வென்றவர்தான், தொலைவு ஒரு காரணமாக இருந்திருக்க முடியாது.

பக்கத்து விழுப்புரத்தில் 2021 பிப்ரவரியில் ஒரு பல்கலைக்கழகத்தைப் பழைய தாலுகா அலுவலகத்தில் தொடங்கினார்கள். ஆட்சி மாறியது, ஆகஸ்டில் அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் மசோதா நிறைவேறியது. சொந்தமாக ஒரு சுவர்கூட எழும்பாமல் ஒரு பல்கலைக்கழகம் பிறந்து மறைந்தது. ஒன்றை ஒழிப்பது எவ்வளவு சுலபம் என்று அப்போது தெரிந்தது. கட்டடம் இருந்திருந்தால் இடிக்கவாவது ஒரு டெண்டர் விட்டிருக்க வேண்டும்.

அடுத்த அடிக்கல் நாட்டு விழாவுக்கு உங்களை வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள். போங்கள், பிரியாணிப் பொட்டலத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். கல்வெட்டில் யார் பெயர் பெரிதாக இருக்கிறது என்று பார்த்து நிற்காமல், வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். நூலகத்தை எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள், பெண்களுக்குக் கழிப்பறை எத்தனை, மேசைக்குப் பிளக் உண்டா, ஜமுனாமரத்தூர்ப் பிள்ளை ராத்திரி எங்கே தங்குவாள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை யாரும் கைதட்டாதீர்கள்.